மார்கழிக் குளிரும் டீசல் எண்ணெயும்



நம் தேசத்தில் மார்கழி மாதம் எல்லா ஊர்களுக்கும் ஒரே விதமாக வருவதில்லை. கன்னியாகுமரியில் அம்மாதத்தில் ஒரு மெல்லிய துப்பட்டி போதும். தில்லியில் கம்பளியும் கணப்புச் சட்டியும் வேண்டும். லடாக்கைச் சேர்ந்த திராஸ் என்னும் ஊரிலோ, குடத்துத் தண்ணீர் இரவோடிரவாகப் பாறைபோல் இறுகிவிடும். மனிதன் இந்த வேறுபாட்டுக்கு ஏற்பத் தன் உடையை மாற்றிக் கொள்கிறான். தொழுவத்து மாட்டுக்கும் சாக்குப் போர்த்துகிறான். ஆனால், மாட்டின் இடத்தில் இன்று வந்து நிற்கும் சிறிய டிராக்டருக்கும், அதற்கு ஆகாரமான டீசல் எண்ணெய்க்கும் பருவத்துக்கு ஏற்ற கவனிப்பு வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் யந்திரக் கலை பயின்றவனல்லன். இலக்கியமும் சரித்திரமும் படித்துவிட்டு, தில்லியில் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன். யந்திரங்களைப் பற்றிய குறிப்புகளைத் தமிழாக்கும்போது, ஒரு சொல்லுக்கு நேரான சொல்லைத் தேடிப் புறப்பட்டு, அச்சொல் குறிக்கும் காரியத்தையே தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நேர்வதுண்டு. அவ்வாறு தெரிந்துகொண்டவற்றையும், வடநாட்டுக் கிராமங்களில் கண்டும் கேட்டும் அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

டீசல் யந்திரத்தின் தத்துவம் எளியது. ஜெர்மனி தேசத்தில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ப் டீசல் என்னும் அறிஞர் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் வழி வந்தது இது. பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறி எண்ணெயைக் கொளுத்துகிறது. டீசல் யந்திரத்தில் பொறி இல்லை. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு நெருக்குகிறார்கள். நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டிலே டீசலை மெல்லிய தூறலாகப் பீச்சியதும் அது தானே பற்றிக் கொள்கிறது. ஆகவே, யந்திரம் புறப்படுவதற்கு இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டும். ஒன்று, காற்று போதிய சூடு பெறவேண்டும். மற்றொன்று, எண்ணெய் தடையின்றி வந்து சேரவேண்டும். குளிர்காலம் இவ்விரண்டையும் தாக்குகிறது. முதல் தாக்குதல் எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டாவது, குழாய்களுக்குள் மறைவாக நிகழ்வதால், பெரும்பாலோர் கண்ணுக்குப் படுவதில்லை.

எண்ணெய் எதனால் வந்து சேராமற் போகிறது? தமிழ்நாட்டு இல்லங்களில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அலமாரியில் தேங்காயெண்ணெய்ப் புட்டியும் நல்லெண்ணெய்ப் புட்டியும் அருகருகே இருக்கும். மார்கழி பிறந்ததும் தேங்காயெண்ணெய் வெண்மையாகத் திரண்டு இறுகிவிடும். நல்லெண்ணெய் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். தேங்காயெண்ணெய் சுமார் 24, 25 டிகிரியிலேயே உறைவது. நல்லெண்ணெய்க்கு அதைவிட வெகு அதிகமான குளிர் வேண்டும். எண்ணெய் என்ற பெயர் ஒன்றாயினும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்பதே காரணம்.

டீசலும் ஒரே பொருளன்று. பலவகைத் திரவங்களின் கலவை. அவற்றுள் நேரான நீண்ட சங்கிலி போன்ற அமைப்புடைய சில உண்டு. இவற்றை மெழுகுச் சத்து என்று சொல்லலாம். இவை நன்றாக எரியும் குணமுடையவை. ஆதலால் டீசலுக்கு வேண்டியவையே. ஆனால் குளிர் மிகும்போது முதலில் உறைபவையும் இவைதாம். இம்மெழுகு ஒரேயடியாக உறைவதில்லை. மூன்று படிகளில் இறுகுகிறது.

முதற்படியில், தெளிவாக இருந்த டீசல் அரிசி களைந்த நீர்போல் மங்குகிறது. இதைக் கலங்கும் நிலை என்போம். மெழுகின் நுண்ணிய படிகங்கள் தோன்றிவிட்டன என்பதற்கு அது அடையாளம். இரண்டாம் படியில் அப்படிகங்கள் பெருகி, வடிகட்டியின் முகத்தில் ஆடைபோல் படிந்து வழியை அடைக்கின்றன. இது வடிகட்டி அடைபடும் நிலை. மூன்றாம் படியில் எண்ணெய் முழுவதுமே கூழாகிப் பாத்திரத்தைச் சாய்த்தாலும் அசையாமல் நிற்கிறது. இது ஓட்டம் நிற்கும் நிலை. டிராக்டர் வைத்திருப்பவருக்கு இம்மூன்றில் முக்கியமானது நடுவில் உள்ளதே. எண்ணெய் முழுவதும் கூழாகும் வரையில் யந்திரம் காத்திருப்பதில்லை. தொட்டியில் டீசல் தளும்பிக் கொண்டிருக்கும்போதே வடிகட்டி அடைபட்டு யந்திரம் நின்றுவிடும்.

இந்த நடுநிலையைச் சோதனைச் சாலையில் எப்படி அளக்கிறார்கள் என்பது சுவையானது. டீசலைச் சிறிது சிறிதாகக் குளிரவைத்து, ஒவ்வொரு டிகிரிக்கும் ஒருமுறை, 45 மைக்ரான் கண்ணுடைய சல்லடை வழியே 20 மில்லிலிட்டர் எண்ணெயை உறிஞ்சிப் பார்க்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 விநாடிக்குள் அந்த 20 மில்லிலிட்டர் எந்த உஷ்ணநிலையில் ஏறமாட்டேன் என்கிறதோ, அதுவே அந்த டீசலின் வடிகட்டி அடைபடும் நிலை.

இனி நாம் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். டீசலுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு. அதன் எண் 1460. அத்தரம் வருஷத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய உள்ள நான்கு மாதங்கள் குளிர்காலம். ஏனைய எட்டு மாதங்களும் கோடை. குளிர்கால டீசலின் வடிகட்டி அடைபடும் நிலை 6 டிகிரிக்கு மேற்படக் கூடாது. கோடைக்கால டீசலுக்கு அந்த வரம்பு 18 டிகிரி. ஓட்டம் நிற்கும் நிலைக்கு வரம்பு, குளிர்காலத்தில் 3 டிகிரி, கோடையில் 15 டிகிரி. இவை உச்ச வரம்புகள். விற்பனைக்கு வரும் எண்ணெய் பலசமயம் இவற்றைவிட மேலான குணமுடையதாக இருக்கக்கூடும். எனினும், வரம்பை நம்பித்தான் குடியானவர் திட்டமிட வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. செப்டம்பரிலோ அக்டோபரிலோ வாங்கிப் பீப்பாயில் நிறைத்து வைத்த டீசல், சட்டப்படி கோடைக்கால டீசல். அது ஜனவரி மாதத்து விடியற்காலையில் வடிகட்டியை அடைத்தால் விற்றவர்மீது குற்றமில்லை. அன்றியும், குளிர்கால டீசலுக்கே வரம்பு 6 டிகிரி என்றால், பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய சமவெளிகளில் 2, 3 டிகிரிக்கு இறங்கும் இரவுகளில் அதுவும் தொல்லை தரக்கூடும். குலு, காஷ்மீர் போன்ற மலைப் பிரதேசங்களின் ஆப்பிள் தோட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பெரிய லாரிக்கு இல்லாத கஷ்டம் சிறிய டிராக்டருக்கு ஏன் என்று கேட்கலாம். லாரி நாள்தோறும் ஓடுகிறது; இன்று ஊற்றிய டீசல் இன்றோ நாளையோ எரிந்துவிடும். இருபது, இருபத்தைந்து குதிரைத்திறனுள்ள சிறிய டிராக்டரோ, வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்து ஐந்து நாள் நிற்கும். அதன் தொட்டியில் ஊற்றிய டீசல் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதன் எண்ணெய்க் குழாய் மெல்லியது, வடிகட்டியும் சிறியது, சிறிது மெழுகு படிந்தாலே வழி அடைபட்டுவிடும். ஓடுகின்ற யந்திரத்தில் செலவானது போக மிகுந்த டீசல் சற்றுச் சூடேறித் தொட்டிக்குத் திரும்பும். அதனால் தொட்டி நாளடைவில் இளஞ்சூடாகும். கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும் யந்திரத்துக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

இதனால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் அநுபவத்தைச் சொல்கிறேன். ஹரியானாவில் கர்னால் நகரத்துக்கு அப்பால் உள்ள கிராமம் ஒன்றில் நாலைந்து ஏக்கர் நிலத்தில் கோதுமையும் கரும்பும் பயிரிடுகிறார் ஒரு குடியானவர். அப்பகுதிகளில் கரும்பை நினைத்த நாளில் ஆலைக்குக் கொண்டுபோக முடியாது. ஆலையிலிருந்து சீட்டு வரும். சீட்டில் கண்ட கெடுவுக்குள் கரும்பை வெட்டி வண்டியேற்றி ஆலைவாசலில் நிறுத்தவேண்டும். வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்க எடையும் குறையும், இனிப்பும் குறையும். ஜனவரி மாதத்தில் ஒரு நாள், முதல் நாளே வெட்டிக் கட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு, மூடுபனியில் விளக்கைப் போட்டபடி அவருடைய டிராக்டர் புறப்பட்டது. அரை மைல் தூரம் போயிருக்கும். கால்வாய்க் கரையேற்றத்தில் மூச்சுத் திணறுவதுபோல் இரண்டு முறை திணறி நின்றுவிட்டது.

பாட்டரி போய்விட்டது என்றார் ஒருவர். புதிய பாட்டரி வந்தது. பம்பு தேய்ந்திருக்கும், கழற்றிப் பட்டணத்துக்கு அனுப்பவேண்டும் என்றார் இன்னொருவர். இந்த ஆலோசனைகளிலேயே ஒன்றரை நாள் கழிந்தது. மறுநாள் விடியற்காலையில் வயதான மிஸ்திரி ஒருவர் வந்தார். அவர் கையில் திருப்புளியைக்கூட எடுக்கவில்லை. கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். வடிகட்டியின் அடித் திருகைத் தளர்த்தி அரைப் புட்டி டீசலைப் பிடித்தார். அது மோர்த் தண்ணீர்போல் மங்கியிருந்தது. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லிப் புட்டியை அதில் நிறுத்தினார். சில நிமிஷங்களில் டீசல் பளிங்குபோல் தெளிந்தது. “சௌத்ரி சாஹிப், யந்திரத்துக்கு ஒரு நோயுமில்லை, நீங்கள் ஊட்டிய ஆகாரந்தான் ஜில்லிட்டுப் போயிருக்கிறது” என்றார் அவர். விசாரித்ததில், அது நெல் அறுவடைக்காகச் செப்டம்பரில் வாங்கிய பீப்பாயின் மிச்சம் என்பது தெரியவந்தது. வடிகட்டியின்மீது வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, உள்ளே இருந்த பழைய வடிதாளை மாற்றியதும் யந்திரம் ஓடிற்று. ஆனால் அதற்குள் சீட்டின் கெடு கடந்துவிட்டது. அடுத்த சீட்டு வரும்வரையில் வண்டியிலேயே காய்ந்த கரும்பின் நஷ்டமும், வேண்டாத பாட்டரியின் விலையும் அக்குடும்பத்துக்கு மிஞ்சின.

அந்த மிஸ்திரி செய்த சோதனையை எவரும் செய்யலாம். நோயை அறியாமல் மருந்து கொடுப்பது மனிதனுக்கு எவ்வளவு தவறோ, யந்திரத்துக்கும் அவ்வளவு தவறு. ஆகவே, குளிர்காலக் காலையில் டிராக்டர் முரண்டு பிடித்தால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: சாவியைத் திருப்பும்போது யந்திரம் வேகமாகச் சுழல்கிறதா? மெல்ல முனகிக்கொண்டு சுழன்றால் குற்றம் பெரும்பாலும் பாட்டரியினுடையது. அல்லது குளிரில் தடித்துப்போன மசகெண்ணெயினுடையது. கடுங்குளிரில் பாட்டரியின் சக்தி வெகுவாகக் குறையும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் ஏறத்தாழப் பாதிதான் எஞ்சும்.

இரண்டாம் கேள்வி: நன்றாகச் சுழன்றும் புறப்படாவிட்டால், புகைபோக்கியில் புகை வருகிறதா? வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். அப்போது காற்றைச் சூடாக்கும் ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். சில சிறிய யந்திரங்களில் இதற்கென்று மின்சாரத்தால் சிவக்கப் பழுக்கும் சூடேற்றிகள் உண்டு. அவற்றுக்குக் கையேட்டில் கண்ட விநாடிகள் அவகாசம் கொடாமல் அவசரப்படுவது வழக்கமான பிழை. புகையே வரவில்லையென்றால் எண்ணெய் வந்து சேரவில்லை, அடைப்பைத் தேடவேண்டும்.

மூன்றாம் கேள்வி: புறப்பட்டுச் சில நிமிஷம் ஓடிப் பிறகு சக்தி குன்றி நின்றதா? அப்படியானால் மெழுகின்மீது சந்தேகம் கொள்ளலாம். வடிகட்டிக்கு அப்பால் முன்பே இருந்த டீசலில் யந்திரம் ஓடியிருக்கும். புதிதாக வரவேண்டியது வழியில் தடைப்பட்டிருக்கும்.

இந்த இடத்தில் மற்றொரு விரோதியையும் சொல்லவேண்டும். அது தண்ணீர். பாதி காலியான தொட்டியில் மேற்பாதி காற்று. பகலில் ஈரமுள்ள காற்று அங்கே புகுகிறது. இரவில் தொட்டியின் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் முத்துமுத்தாகத் தகட்டில் படிந்து அடியில் இறங்குகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஆதலால் அது எப்போதும் அடியிலேயே தங்கும். சமவெளியில் அது துருவை உண்டாக்கி, மிக நுண்ணிய இடைவெளியில் இயங்கும் பம்பைக் கெடுக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே குளிரும் மலைப் பிரதேசங்களிலோ, பனிக்கட்டியாகிக் குழாயையே அடைத்துவிடுகிறது.

மெழுகா, தண்ணீரா என்று அறிவதற்கும் அதே கண்ணாடிப் புட்டி போதும். எண்ணெய் முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்து, வெந்நீரில் வைத்ததும் தெளிந்தால் அது மெழுகு. சிறிதுநேரம் அசையாமல் வைத்ததும் அடியில் தனிப் படலமாகப் பிரிந்து நின்றால் அது தண்ணீர். மெழுகுக்குச் சூடு மருந்து. தண்ணீருக்கு வடித்து வெளியேற்றுவதே மருந்து. இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

மெழுகு அடைத்துவிட்ட காலையில் என்ன செய்வது? டிராக்டரை இயன்றால் வெயிலுக்கோ கொட்டகைக்குள்ளோ தள்ளவேண்டும். வடிகட்டியின்மீதும் குழாயின்மீதும் வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த துணியைச் சுற்றவேண்டும். வடிகட்டியின் அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் கொதிக்கும் நீரைக் கொட்டக் கூடாது; அது வெடித்துவிடும். வடிதாள் பழையதாக இருந்தால் மாற்றிவிடுவதே நலம். தூசி படிந்த வடிதாளில் மெழுகு விரைவில் அடைக்கும். மாற்றியபின் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியில்லாத டீசல் வந்ததும் திருகை இறுக்கிவிட வேண்டும். யந்திரம் சுழலும்போது பீச்சுக் குழாயின் முனையில் கையை வைத்துப் பார்க்கலாகாது. அங்கே பாயும் எண்ணெயின் வேகம் தோலைத் துளைத்து உள்ளே செல்லவல்லது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடிக்காமல், நடுவில் ஒரு நிமிஷமாவது பாட்டரிக்கு ஓய்வு தரவேண்டும்.

செய்யத் தகாதவையும் சில உண்டு. குளிர்ப் பிரதேசச் சாலைகளில் டீசல் தொட்டிக்கு அடியில் நெருப்பு மூட்டும் பழக்கத்தைப் பலர் பார்த்திருக்கலாம். இது வண்டியையும் மனிதனையும் ஒருசேர அபாயத்தில் தள்ளும் செயல். டீசலில் பெட்ரோலைக் கலப்பது அதைவிடக் கொடியது. தொட்டியின் மேற்பகுதியில் வெடிக்கக்கூடிய ஆவி நிரம்பிவிடும். மின்சூடேற்றியுள்ள யந்திரத்தின் காற்றுக் குழாயில் ஈதரைத் தெளிப்பதும் ஆபத்து. அது உரிய வேளைக்கு முன்பே வெடித்து யந்திரத்தை உடைத்துவிடலாம்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. மண்ணெண்ணெய் மெழுகைக் கரைத்து டீசலை இளக்கும் என்பது மெய்தான். முற்காலத்தில் குளிர்ப் பிரதேசங்களில் அவ்வாறு செய்ததும் உண்டு. ஆயினும், பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே மசகெண்ணெயாகவும் பயன்படுகிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு குறைவு. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இல்லை. கந்தகத்தை நீக்கும் முறையிலே எண்ணெயின் இயல்பான வழுவழுப்பும் குறைவதால், அதை ஈடுசெய்ய அளவாக மருந்து சேர்க்கிறார்கள். அதில் மண்ணெண்ணெயை ஊற்றுவது அந்த அளவைக் கெடுப்பதாகும். அன்றியும், ரேஷன் மண்ணெண்ணெயை வேறு காரியத்துக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம்.

கடைகளில் டீசலுக்கான குளிர்கால மருந்துகள் கிடைக்கின்றன. அவை மெழுகைக் கரைப்பவையல்ல. மெழுகுப் படிகங்கள் பெரிதாக வளராமலும், ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளாமலும் தடுப்பவை. ஆகையால் எண்ணெய் தெளிவாக இருக்கும்போதே, கையேட்டில் கண்ட அளவில் சேர்த்தால்தான் பயன் உண்டு. கலங்கிய பிறகு ஊற்றுவது, வெள்ளம் வந்தபின் அணை போடுவது போன்றதே.

குளிர்காலத் தொல்லைக்குப் பரிகாரம் மார்கழியில் இல்லை, ஐப்பசியிலேயே இருக்கிறது. இன்று நான் சொல்லவந்ததன் சாரம் இதுதான். பழைய பீப்பாயின் டீசலைக் குளிர் பிறக்குமுன் செலவழித்துவிட வேண்டும். ஒவ்வொரு பீப்பாயின்மீதும் வாங்கிய தேதியைச் சுண்ணாம்பால் எழுதிவைப்பது நல்ல பழக்கம். நவம்பர் பிறந்தபின், அதுவும் வாடிக்கை மிகுந்த பங்கில், சிறிது சிறிதாக வாங்கவேண்டும்; விற்பனை மந்தமான இடத்தில் பழைய சரக்கு தங்கியிருக்கக்கூடும். பீப்பாயை மழைநீர் தேங்காதபடி கூரைக்கடியில் வைத்து, ஒருநாள் அசையாமல் விட்டு, அடியில் சில அங்குலத்தைத் தொடாமல் மேலிருந்து எடுக்கவேண்டும். துத்தநாகம் பூசிய வாளியிலோ பாத்திரத்திலோ டீசலைச் சேமித்து வைக்கலாகாது. துத்தநாகம் டீசலோடு கலந்து வடிகட்டிக்கும் யந்திரத்துக்கும் கேடு செய்யும்.

மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். காற்றுக்கு இடமில்லையேல் ஈரத்துக்கும் இடமில்லை. வாரம் ஒருமுறை வடிகட்டியின் அடித் திருகைத் திறந்து நீரை வடிக்கவேண்டும். குளிர் தொடங்குமுன் புது வடிதாள் போட்டு, இன்னொன்றை வீட்டில் இருப்பு வைக்கவேண்டும். வண்டியை வாடைக்காற்று படாத சுவரோரமாக, காலை வெயில் விழும் இடத்தில் நிறுத்தி, யந்திரம் ஆறியபின் சாக்கினால் மூடலாம். காலையில் புறப்பட்டதும் உடனே பாரத்தை ஏற்றாமல் சில நிமிஷங்கள் மெதுவாக ஓடவிட்டு, ஓட்டம் சீரானபின் நகர்த்தவேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு வடிதாளின் விலைதான்.

தனி மனிதன் செய்யக்கூடியவை இவை. தேசம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதி நிறைவேறியுமிருக்கிறது. லடாக்கில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியை எட்டும் நாட்களில் சாதாரண டீசல் பயன்படாது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், பானிப்பட் சுத்திகரிப்பு நிலையத்தில் தயாரித்த தனிவகைக் குளிர்கால டீசலை அங்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரையில் அது தன் ஓட்டத்தை இழப்பதில்லை. பானிப்பட்டுக்கும் கர்னாலுக்கும் தூரம் அதிகமில்லை என்பதை நேயர்கள் தேசப்படத்தில் காணலாம். இமயத்துக்கு அப்பால் உள்ளவருக்குக் கிட்டிய இந்த அறிவின் பயன், பக்கத்துக் கிராமத்தில் ஒரே ஒரு சிறிய டிராக்டரை நம்பி வாழ்பவருக்கும் எட்டவேண்டும். அவருக்கு விலையுயர்ந்த எண்ணெய்கூடத் தேவையில்லை. எந்த மாதத்து எண்ணெயை எந்த மாதத்தில் எரிப்பது என்ற செய்தி போதும்.

தமிழ்நாட்டு நேயர்களுக்கு இதில் சம்பந்தம் உண்டா என்றால், உண்டு. நாமக்கல்லிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே செல்லும் லாரி ஓட்டிகள் பலர். தெற்கே வெப்பப் பிரதேசத்தில் நிரப்பிய டீசலோடு மலையேறாமல், குளிர்ப் பகுதிக்குள் நுழையுமுன் அங்கு விற்கும் டீசலைத் தொட்டியில் நிரப்பிக் கொள்வது அவர்களுக்கு நன்மை தரும். உதகமண்டலத்தின் பள்ளத்தாக்குகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்மேல் உறைபனி வெண்மையாகப் படிவதை நீலகிரி வாசிகள் அறிவார்கள். அங்கே காய்கறித் தோட்டங்களில் டீசல் யந்திரம் வைத்திருப்போர், வடிகட்டியையும் பீப்பாயின் தேதியையும் ஒருமுறை பார்த்துக் கொள்வது நல்லது.

யந்திரம் பேசாது; பசுவைப்போல் கத்தித் தன் குறையைத் தெரிவிக்காது. அதன் குறையை நாம்தான் ஊகித்து அறியவேண்டும். அப்படி ஊகிப்பதற்கு ஒரு கண்ணாடிப் புட்டியும், சிறிது வெந்நீரும், சற்றுப் பொறுமையும் போதும். அவை எல்லோர் வீட்டிலும் இருப்பவையே.